பாலாற்றங்கரை வணிகம் – 7: கட்டிலும் கடுக்காயும்

ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பதனிட்ட தோலைக் கட்டுக்கட்டாகச் சென்னைப் பெரியமேட்டு மண்டிக்கு அனுப்பிவிட்டு, அது கப்பலேறி லண்டன் சேர்ந்து அங்கே ஏலத்தில் என்ன விலைக்குப் போயிற்று என்ற சமாசாரம் வரும் வரையில், மண்டிக்காரர் கொடுத்த முன்பணத்திலேயே தொழிலையும் குடும்பத்தையும் நடத்திவந்த தோல் ஷாப்பு முதலாளிகளைப் பற்றிச் சென்ற வாரம் பார்த்தோம். அவர்களுடைய நிலையை நன்கு உணர விரும்புவோர், பதினெட்டாம் நூற்றாண்டில் அமெரிக்காவிலிருந்த ஒரு பண்ணை வீட்டைப் பார்த்துவருவது பிரயோஜனமாக இருக்கும்.

1759-இல் விவாகம் செய்துகொண்டு மவுண்ட் வெர்னான் என்ற அப்பண்ணை வீட்டில் குடித்தனம் தொடங்கிய ஜார்ஜ் வாஷிங்டன், அடிமைகளின் உழைப்பில் விளைந்த தம் புகையிலையை லண்டன் ராபர்ட் கேரி கம்பெனிக்கு அனுப்பி, வீட்டுச் சாமான்களையும் அக்கம்பெனியின் மூலமாகவே வரவழைத்தார். ஏழரை அடி உயரக் கட்டில், அதற்கு நீலத்திலோ நீலமும் வெண்மையும் கலந்தோ திரை, அதே துணியில் இரண்டு ஜன்னல்களுக்கும் திரைகள், அவற்றோடு இசையும் மேல்விரிப்பு என்று, அவ்வாண்டில் அவர் எழுதியனுப்பிய ஜாபிதா மிகவும் நுணுக்கமானது. ஆயினும் புகையிலைக்கு விலை கண்டவரும், சாமானுக்கு விலை போட்டவரும், தரகைக் கழித்துக் கணக்கெழுதியவரும் ஒருவரே! மாதக்கணக்கில் காத்திருந்து பெற்ற பொருள்கள் மட்டமாகவும் நாகரிகம் கழிந்தவையாகவும் இருக்கின்றன என்று அவர் முறையிட்டார்; ஐந்தாண்டுகளுக்குள் சுமார் 1,800 பவுன் கடனாளியும் ஆனார்.

அக்காலத்து அமெரிக்கச் செல்வர்களின் கட்டில்களை நம் சோழமண்டலக் கரையின் சித்திரத் துணிகளும் அலங்கரித்தன. இந்திய அச்சுத் துணியை இங்கிலாந்தில் உபயோகிப்பதற்கு 1700-ஆம் ஆண்டுச் சட்டம் தடை விதித்ததாயினும், குடியேற்ற நாடுகளுக்கு மறு ஏற்றுமதி செய்வதை அது தடுக்கவில்லை. அத்துணியைக் கடுக்காய்ச் சாற்றிலும் எருமைப்பாலிலும் தோய்த்த பிறகே வண்ணம் தீட்டினார்கள். ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் வெயில் பட்டுச் சிவக்காமல் வெளிர் நிறமாக நிற்பதற்கும் அந்தக் கடுக்காயே துணை. துணியை எழுதியவனாயினும் தோலைப் பதனிட்டவனாயினும், தன் கைத்திறன் கடல் கடந்து என்ன விலை பெற்றது என்பதை மற்றொருவர் சொல்லித்தான் அறிந்தான்.

தோல் ஷாப்பு முதலாளிகள் கடன்பட்டதற்கு அவர்களது ஆடம்பரமே காரணம் என்று பேசுவோர் உண்டு. நான் அதை ஒப்பமாட்டேன். சரக்கு கைவிட்டுப் போன பிறகே விலை நிச்சயமாகும் ஏற்பாட்டில், சிக்கனமே உருவானவனுக்கும் கடனிலிருந்து தப்ப வழியில்லை.

இந்நிலை மாறுவதற்கு நெடுங்காலம் பிடித்தது. 1972-இல் மத்திய அரசின் சீதாராமையா குழு, தோலைப் பச்சையாகவோ அரைகுறையாகப் பதனிட்டோ அனுப்பாமல், முழுதும் பதனிட்டும் பொருளாகச் செய்தும் அனுப்பவேண்டும் என்று சிபாரிசு செய்தது. பச்சைத் தோல் ஏற்றுமதி நிறுத்தப்பட்டது. அரைகுறையாகப் பதனிட்ட தோலுக்கும் வரம்பு வந்தது. ஆம்பூரில் காலணித் தொழிற்சாலைகள் பெருகியது அதன் பின்னரே. அங்கே மாதிரிக் காலணிக்குச் சம்மதம் கிடைத்து, ஜோடிக்கு இன்ன விலை என்று எழுத்தில் வந்த பிறகே தோலில் கத்தி வைக்கிறார்கள்.

(தொடரும்)