அரசு லேப்டாப்புக்கு இன்னும் ஆயுள் இருக்கிறது

போடிநாயக்கனூரில் ஏலக்காய் ஏலம் கணினிக்கு மாறி ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஆகப்போகின்றன. ஸ்பைசஸ் போர்டு 2007இல் மின்னணு ஏலத்தைக் கொண்டுவந்தது முதல், வியாபாரிகள் மாதிரிக் காயைக் கையில் உருட்டிப் பார்த்தபடியே திரையில் விலை கேட்கிறார்கள். ஊரின் தலையாய தொழிலே இப்படிக் கணினிக்குப் பழகிவிட்டது. ஆனால் பிளஸ் டூவில் பிள்ளைகளுக்குக் கிடைத்த விலையில்லா மடிக்கணினி மட்டும் பல வீடுகளில் பரண் ஏறிவிட்டது. காரணம் கேட்டால் ஒரே பதில்தான்: "ரொம்ப ஸ்லோங்க."

அந்தத் திட்டத்தை அன்றைய முதல்வர் ஜெயலலிதா 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிவைத்தார். தமிழக அரசின் எல்காட் நிறுவனம் முதல் ஆண்டுக்கு மட்டும் 9.12 லட்சம் கணினிகளுக்கு ஒப்பந்தப்புள்ளி கோரியது. அடுத்த சில ஆண்டுகளில் மொத்தம் 50 லட்சத்துக்கும் மேல் கொடுக்கப்பட்டன. தொடக்க காலக் கணினிகளில் 2 ஜிபி ரேம், 320 ஜிபி ஹார்டு டிஸ்க். அவற்றில் இயங்குதளம் ஒன்றல்ல, இரண்டு: விண்டோஸும், சி-டாக் நிறுவனம் டெபியன் லினக்ஸை அடிப்படையாக வைத்து உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும். கணினி கிளம்பும்போது எது வேண்டும் என்று ஒரு பட்டியல் வரும். பெரும்பாலான பிள்ளைகள் இரண்டாவதைத் தொட்டதே இல்லை. தொட்டுப் பார்க்கச் சொல்லிக்கொடுக்க ஆளும் இல்லை.

'ஸ்லோ' ஆவது எங்கே? பலரும் நினைப்பதுபோல் பிராசஸர் கிழடாவதில்லை. பழைய ஹார்டு டிஸ்க்கினுள் ஒரு தட்டு நிமிடத்துக்கு 5,400 முறை சுழல்கிறது. அதன் மேல் ஒரு ஊசிமுனை அங்கும் இங்கும் நகர்ந்து தகவலைத் தேடுகிறது. வேண்டிய இடம் ஊசிக்கு அடியில் வரச் சராசரியாக அரைச் சுற்றாவது காத்திருக்க வேண்டும். அதற்கே 5 மில்லி விநாடிக்கு மேல் போய்விடும். ஊசி நகரும் நேரத்தையும் சேர்த்தால், சிதறிக் கிடக்கும் தகவல்களை விநாடிக்கு நூறு முறை எடுப்பதுகூடக் கஷ்டம். பெரிய குடோனுக்கு ஒரே ஒரு சுமைதூக்கி இருக்கும் நிலைதான். ரேம் நிரம்பிவிட்டால் கணினி மிச்சத்தையும் இந்தத் தட்டிலேயே கொண்டுபோய் வைக்கும். அப்புறம் மவுஸைச் சொடுக்கிவிட்டு டீ குடித்துவிட்டு வரலாம். ஹார்டு டிஸ்க்குக்கு மாற்றாகப் பொருத்தும் எஸ்எஸ்டியில் சுழலும் பாகமே கிடையாது. சாதாரண சாட்டா எஸ்எஸ்டிகூட விநாடிக்குப் பல்லாயிரம் முறை தகவல் எடுத்துத் தரும். அளவு ஒன்றே என்பதால் பழைய ஹார்டு டிஸ்க் இருந்த அதே இடத்தில் உட்கார்ந்துகொள்ளும்.

இயங்குதளத்தின் கதை வேறு. விண்டோஸ் 7க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14 அன்று நின்றன. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11 வேண்டுமானால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை பிராசஸராவது இருக்க வேண்டும். 2011இல் வந்த கணினிக்கு இதெல்லாம் எட்டாக்கனி. குறுக்குவழியில் ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஏற்றினால் திருத்தங்கள் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை.

பரணிலிருந்து இறக்கிய கணினியில் இன்னொரு வேடிக்கையும் நடக்கும். மதர்போர்டில் இருக்கும் காசு வடிவ பேட்டரி செத்திருந்தால் தேதி பல ஆண்டு பின்னால் போய்விடும். உடனே எந்த இணையதளத்தைத் திறந்தாலும் 'பாதுகாப்பற்றது' என்று எச்சரிக்கை வரும். இணையதளச் சான்றிதழ்களுக்குத் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு; கணினியின் தேதி அதற்குள் இல்லாவிட்டால் பிரவுசர் நம்பாது. வைரஸ் என்று பயந்து கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு முன், தேதியைத் திருத்திப் பார்க்கலாம்.

இனி, விண்டோஸுக்குப் பதில் லினக்ஸை ஏற்றும் வேலைக்கு வருவோம். முதலில் படங்களையும் கோப்புகளையும் வேறிடத்தில் நகலெடுத்துக்கொள்ள வேண்டும். இதில் சமரசமே கிடையாது. பிறகு 8 ஜிபி பென் டிரைவில் லினக்ஸை எழுதி, கணினி கிளம்பும்போது எஃப்12 போன்ற விசையை அழுத்தி அதிலிருந்து தொடங்க வேண்டும். எந்த விசை என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். 2 ஜிபி ரேம் என்றால் ஆன்டிஎக்ஸ் போன்ற மெலிந்த வகை. 4 ஜிபி இருந்தால் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. ஹார்டு டிஸ்க்கைத் தொடாமலே பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம் என்பதுதான் இதன் அழகு. வைஃபை கிடைக்கிறதா, ஒலி வருகிறதா, தமிழ்99 விசைப்பலகை வேலை செய்கிறதா என்று பார்த்துத் திருப்தியான பிறகே நிறுவலாம்.

எல்லாருக்கும் இது ஒத்துவரும் என்று சொன்னால் அது பொய். கடைக் கணக்கு டேலியில் ஓடுகிறதென்றால் அந்தக் கணினியில் கைவைக்க வேண்டாம். டேலி விண்டோஸுக்காக எழுதப்பட்டது. ஊரெங்கும் இருக்கும் கேனான் எல்பிபி 2900 பிரிண்டரும் லினக்ஸில் எளிதில் மசியாது. டிடிபி கடைக்காரர்கள் பாமினி, வானவில் எழுத்துருக்களில் அடித்த பழைய கோப்புகளை வைத்திருப்பார்கள். எழுத்துரு ஃபைலையும் சேர்த்து எடுத்துவைக்காவிட்டால், புது இயங்குதளத்தில் அவை வெறும் கிறுக்கலாகத் தெரியும்.

போடிமெட்டைத் தாண்டினால் கேரளம். அங்கே 2001இல் தொடங்கிய 'ஐடி அட் ஸ்கூல்' திட்டம் 2017இல் 'கைட்' என்ற அரசு நிறுவனமாயிற்று. அரசுப் பள்ளிக் கணினிகளுக்கென உபுண்டுவை அடிப்படையாக வைத்துத் தனி லினக்ஸை அதுவே தயாரிக்கிறது. ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் தருகிறது. தமிழ்நாடு கணினியை வீடுவரை கொண்டுபோய்ச் சேர்த்தது. அது சின்னச் சாதனையல்ல. கொடுத்த பிறகு அதைப் பேணக் கற்றுக்கொடுக்காததுதான் குறை.

2025–26 பட்ஜெட்டில் இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கணினி தருவதாகத் தமிழக அரசு அறிவித்தது. அவையும் ஒருநாள் பழசாகும். பேணக் கற்றுக்கொடுக்க ஆட்கள் இல்லாமல் இல்லை. விழுப்புரத்தில் விஜிஎல்யுஜி என்ற குழு கட்டற்ற மென்பொருளை இளைஞர்களிடம் கொண்டுசேர்க்கிறது. 'கணியம்' இதழ் 2012 முதல் கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழிலேயே எழுதிவருகிறது. போடியில் அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது. அங்கே ஒரு சனிக்கிழமை நிறுவல் முகாம் நடத்தி, பரணில் கிடப்பதை எடுத்துக்கொண்டு வரச்சொல்லி ஊருக்கு அறிவிக்கலாமே.