ஃபைட்டர் மீன் ஏன் நுரைக்கூடு கட்டுகிறது?

சென்னை கொளத்தூர் கடைகளில் குப்பிக்கு ஒன்றாக அடைபட்டிருக்கும் ஃபைட்டர் மீனின் பூர்வீகம் தாய்லாந்து. 2019இல் அந்த நாடு இதைத் தேசிய நீர்வாழ் உயிரினமாகவே அறிவித்தது.

ஆண் மீன் நீருக்கு மேலே வந்து காற்றை வாயில் வாங்கி, எச்சில் பூசிய குமிழ்களாக மேற்பரப்பில் ஒட்டுகிறது. ஏன் இந்தப் பாடு? வயல், சதுப்பு போன்ற தேங்கிய நீரில் ஆக்சிஜன் குறைவு. மேற்பரப்பில்தான் ஓரளவு கிடைக்கும். முட்டைக்கும் அங்கேதான் மூச்சு. ஆண் வளைந்து அணைக்கும்போது பெண் மீனிடமிருந்து உதிரும் வெள்ளை முட்டைகள் அடியில் இறங்கும். அப்பன்தான் அவற்றை வாயால் பொறுக்கிக் கூட்டில் சேர்ப்பவன். பெண்ணோ முட்டையைத் தின்னவும் தயங்காது!

வீட்டுத் தொட்டியில் இனப்பெருக்கம் செய்தால், முட்டையிட்டு முடிந்ததும் பெண்ணை உடனே வேறு தொட்டிக்கு மாற்ற வேண்டும். இல்லையேல் ஆண் கடித்துக் குதறிவிடும். அரையடித் தண்ணீர், 27 டிகிரி வெப்பம் போதும். ஒன்றிரண்டு நாளில் முட்டை பொரியும். அடுத்த இரண்டு மூன்று நாளில் குஞ்சுகள் கிடையாக நீந்தத் தொடங்கியதும் ஆணையும் எடுத்துவிடலாம். முதல் உணவு இன்ஃபுசோரியா என்ற நுண்ணுயிர்கள், பிறகு ஆர்டீமியா என்ற உப்புநீர்ச் சிற்றுயிரின் குஞ்சு.

காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் லேபிரிந்த் உறுப்பு வளர மூன்று, நான்கு வாரம் பிடிக்கும். அதுவரை குளிர்காற்று படாமல் தொட்டியை மூடியே வையுங்கள்.