புகார் வராத இல்லம் நல்ல இல்லமா? பராமரிப்பின் தரத்தை எப்படிச் சோதிப்பது

ஒரு ஹாஸ்டல் எப்படி இருக்குன்னு தெரியணும்னா, அங்க தங்கியிருக்கிறவங்களைக் கேட்டா போதும். சாப்பாடு சரியில்லன்னா முதல் நாளே சொல்லிடுவாங்க. ஆனா தங்கியிருக்கிறவருக்குப் பேச வரலைன்னா? தனக்கு நடக்கிறது தப்புன்னே அவருக்குத் தெரியலைன்னா? அப்போ யாரைக் கேக்குறது?

அறிவுசார் மாற்றுத்திறன் உள்ள பெரியவங்க தங்கியிருக்கிற பராமரிப்பு இல்லங்களைப் பத்தின வீடியோ இது. அந்த இல்லங்களோட தரத்தை எப்படிச் சோதிக்கிறாங்க, அந்தச் சோதனை எங்க கோட்டை விடுது, எப்படிச் செஞ்சா உண்மை வெளிய வரும்னு பார்க்கப்போறோம். நான் எடுத்துக்கிட்டது இங்கிலாந்து. அங்க இதுக்குன்னு தனிச் சட்டம் இருக்கு, தனி ஆணையம் இருக்கு. அந்த ஆணையம் தவறவிட்ட கதையும் ஒளிவுமறைவு இல்லாம பதிவாகியிருக்கு.

[திரையில்: 2011, வின்டர்போர்ன் வியூ]

பிரிஸ்டல் நகரத்துக்குப் பக்கத்துல வின்டர்போர்ன் வியூன்னு ஒரு தனியார் மருத்துவமனை இருந்துச்சு. இல்லம் இல்லைன்னாலும், அதைக் கண்காணிச்சதும் இதே ஆணையம்தான். 24 படுக்கை. அறிவுசார் மாற்றுத்திறனும் ஆட்டிசமும் உள்ளவங்களுக்கானது. ஒரு ஆளுக்கு வாரத்துக்குச் சராசரியா 3,500 பவுண்டு கட்டணம், அதுவும் அரசாங்கப் பணம்.

அங்க வேலை பார்த்த மூத்த நர்ஸ் டெர்ரி பிரையன். உள்ள நடக்கிறதைப் பார்த்துட்டு 2010 அக்டோபர்ல நிர்வாகத்துக்கு எழுதினார். கண்காணிக்க வேண்டிய ஆணையத்துக்கும் தெரியப்படுத்தினார். ஒண்ணும் நடக்கலை. கடைசியில பிபிசிகிட்ட போனார். பிபிசியோட பனோரமா நிகழ்ச்சி ஒரு நிருபரைப் பணியாளரா உள்ள அனுப்பி அஞ்சு வாரம் ரகசியமாப் படம் எடுத்துச்சு. 2011 மே 31 அன்னைக்கு அது ஒளிபரப்பாச்சு. அடிக்கிறது, தரையில தள்ளி அமுக்கிப் பிடிக்கிறது, கேலி பண்றது எல்லாம் நாடே பார்த்துச்சு. 11 பேர் தண்டிக்கப்பட்டாங்க, அதுல 6 பேர் சிறைக்குப் போனாங்க. அந்த இடத்தை இழுத்து மூடினாங்க.

இதைவிட முக்கியமானது பின்னாடி நடந்த ஆய்வு. மார்கரெட் ஃப்ளின் 2012-ல கொடுத்த அறிக்கை. ஒளிபரப்புக்கு முந்தின மூணு வருஷத்துல உள்ளூர் கவுன்சிலுக்கு 40 பாதுகாப்பு எச்சரிக்கைகள் போயிருக்கு. போலீசுக்கு 29 சம்பவங்கள் போயிருக்கு. அங்க இருந்தவங்களை 70 தடவைக்கு மேல அவசர சிகிச்சைக்குக் கூட்டிட்டுப் போயிருக்காங்க. ஆக, தகவல் இல்லாம இல்ல. கவுன்சில்கிட்ட ஒரு துண்டு, போலீஸ்கிட்ட ஒரு துண்டு, அவசர சிகிச்சை கொடுத்த மருத்துவமனைகிட்ட ஒரு துண்டு. ஒவ்வொருத்தரும் தன் கையில இருந்ததைத் தனிச் சம்பவமாப் பார்த்தாங்க. எல்லாத்தையும் ஒரே மேஜையில வச்சுப் பார்க்க யாரும் இல்ல.

[திரையில்: சோதிக்கிறது யார்?]

அந்த ஆணையத்தோட பேர் கேர் குவாலிட்டி கமிஷன், சுருக்கமா சிக்யூசி. 2009-ல வேலையைத் தொடங்குச்சு. இங்கிலாந்துல ஒரு பராமரிப்பு இல்லம் நடத்தணும்னா இவங்ககிட்ட பதிவு பண்ணியாகணும். இவங்க அஞ்சு கேள்வி கேக்குறாங்க. இந்த இடம் பாதுகாப்பானதா? கொடுக்கிற பராமரிப்பு பலன் தருதா? பரிவு இருக்கா? அவரவர் தேவைக்கு ஏத்தபடி நடக்குதா? நிர்வாகம் ஒழுங்கா இருக்கா? 2014-லேர்ந்து பதிலுக்கு ஏத்தபடி நாலு தரம் கொடுக்கிறாங்க: மிகச் சிறப்பு, நல்லது, மேம்பாடு தேவை, போதாது. அந்தத் தரத்தை வர்றவங்க கண்ணுல படுற மாதிரி இல்லத்துல மாட்டி வைக்கணும்.

வின்டர்போர்னுக்கு அப்புறம் சிக்யூசி இதே மாதிரி 150 மருத்துவமனைகளையும் இல்லங்களையும் சோதிச்சுது. கிட்டத்தட்ட பாதி இடங்கள் அடிப்படைத் தரத்தைக்கூட எட்டலை.

[திரையில்: ஒரு நல்ல சோதனை எப்படி இருக்கும்?]

முதல்ல, சொல்லாம வர்றது. நாளைக்கு வர்றோம்னு சொன்னா, பெயின்ட் அடிச்சிருப்பாங்க, பதிவேட்டை நிரப்பியிருப்பாங்க, லீவுல இருக்கிற நல்ல ஊழியரைக் கூப்பிட்டிருப்பாங்க.

ரெண்டாவது, காகிதம். மருந்துப் பதிவேடு, ஊழியர் பட்டியல், பயிற்சிச் சான்று, வேலைக்குச் சேர்த்தப்போ குற்றப் பின்னணி பார்த்தாங்களா, ஒருத்தரைக் கட்டுப்படுத்திப் பிடிச்ச ஒவ்வொரு தடவையும் எழுதியிருக்காங்களா. இதெல்லாம் வேணும். ஆனா காகிதம், இல்லம் தன்னைப் பத்தித் தானே எழுதிக்கிட்டது. அதோட நிறுத்திட்டா சோதனை தோத்துடும்.

அதனால மூணாவது: ஒரு ஆளைத் தேர்ந்தெடுத்து, அவரோட திட்டத்தையும் அவரோட நாளையும் பக்கத்துல வச்சுப் பார்க்கிறது. உதாரணத்துக்கு, இவருக்கு விழுங்குறதுல சிரமம் இருக்கு, சாப்பாட்டை மசிச்சுக் கொடுக்கணும், நிமிர்ந்து உக்கார வைக்கணும்னு பேச்சு மற்றும் விழுங்கு சிகிச்சையாளர் எழுதிக் கொடுத்திருக்கார்னு வைங்க. மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல இன்ஸ்பெக்டர் அந்த மேஜைகிட்ட நிக்கணும். தட்டுல என்ன இருக்கு? பக்கத்துல ஆள் இருக்காங்களா, இல்ல மூணு பேருக்கு ஒருத்தர் மாத்தி மாத்தி ஊட்டுறாரா? இந்த விஷயத்துல சின்னத் தவறுகூட மூச்சுத்திணறல்ல போய் முடியும். மலச்சிக்கலும் அப்படித்தான். நாம சாதாரணமா நினைக்கிற மலச்சிக்கலைக் கவனிக்காம விட்டதால இங்கிலாந்துல அறிவுசார் மாற்றுத்திறன் உள்ளவங்கள்ல உயிரிழந்தவங்க இருக்காங்க. அதனால கழிவறைப் பதிவுகூட உயிர் காக்கிற ஆவணம்தான்.

நாலாவது, உக்காந்து பார்க்கிறது. பேச முடியாதவங்களுக்காகவே பிராட்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தோட சேர்ந்து ஒரு முறையை உருவாக்கினாங்க. இன்ஸ்பெக்டர் கூடத்துல ஒரு ஓரமா உக்காந்து, சில பேரை மட்டும் கவனிப்பார். அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை குறிப்பு எடுப்பார். முகம் எப்படி இருக்கு? ஏதாவது செஞ்சுக்கிட்டு இருக்காரா, சும்மா வெறிச்சுக்கிட்டு இருக்காரா? ஊழியர் வந்து பேசினாரா, பேசாம சக்கர நாற்காலியைத் தள்ளிட்டுப் போனாரா? அடி உதை எதுவும் இல்லாத இடத்துலகூட, ஒரு மணி நேரம் யாருமே ஒருத்தரோட பேசலைன்னா அந்தக் குறிப்பு அதைக் காட்டிக்கொடுத்துடும். புறக்கணிப்பு தழும்பு விடாது. அதைக் கண்டுபிடிக்க இப்படி உக்காந்து பார்க்கிறதைத் தவிர வேற வழி எனக்குத் தெரியலை.

அஞ்சாவது, யார் கூட வர்றாங்க. தாங்களே மாற்றுத்திறனோட வாழ்றவங்களும், அவங்க குடும்பத்துல உள்ளவங்களும் சோதனைக் குழுவுல வர்றாங்க. இன்ஸ்பெக்டர் தீயணைப்புக் கருவியைப் பார்க்கும்போது, இவங்க கேக்குறது வேற: ‘இங்க ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்கப் போகணும்? அதை யார் முடிவு பண்றாங்க?’

இன்னொன்னு, மருந்து. ஒருத்தர் கத்துறார், தலையைச் சுவத்துல முட்டிக்கிறார். ‘அவர் அப்படித்தான்’னு சொல்லி மயக்க மாத்திரை கொடுக்கிறது சுலபம். ஆனா அது பல்வலியா இருக்கலாம், காதுவலியா இருக்கலாம். மனநோய் இருக்கிறதா முடிவாகாமலே மனநோய்க்கான மருந்து சாப்பிடுற அறிவுசார் மாற்றுத்திறனாளிகள் இங்கிலாந்துல 30,000 முதல் 35,000 பேர் இருக்கலாம்னு 2015-ல அங்கத்திய பொதுச் சுகாதாரத் துறை கணக்கிட்டுச்சு. அடுத்த வருஷமே இதைக் குறைக்க ஒரு இயக்கம் தொடங்கினாங்க. அதனால நல்ல இன்ஸ்பெக்டர் மாத்திரையை எண்ணிட்டுப் போகமாட்டார். இது எதுக்கு, கடைசியா எப்போ டாக்டர் இதை மறுபரிசீலனை பண்ணார்னு கேப்பார்.

[திரையில்: 2019, வோர்ல்டன் ஹால்]

இவ்வளவு கத்துக்கிட்ட பிறகும் 2019 மே மாசம் பனோரமா இன்னொரு படம் போட்டுச்சு. டர்ஹம் மாவட்டத்துல ஒதுக்குப்புறமா இருந்த வோர்ல்டன் ஹால் மருத்துவமனை. மறுபடியும் அதே கொடுமை. அப்போ அந்த இடத்துக்கு சிக்யூசி கொடுத்திருந்த தரம் ‘நல்லது’. அதுமட்டுமில்ல, 2015-லேயே அங்க போன இன்ஸ்பெக்டர் கவலை தெரிவிச்சு எழுதின அறிக்கை வெளியிடப்படவே இல்ல.

பேராசிரியர் கிளினிஸ் மர்ஃபி இதை ஆராய்ஞ்சு 2020-ல அறிக்கை கொடுத்தாங்க. சொல்லாமப் போங்க, சாயங்காலமும் வார இறுதியிலும் போங்க, அங்க இருக்கிறவங்களோடவும் குடும்பத்தோடவும் அதிகமாப் பேசுங்கன்னாங்க. எந்த இடத்துல ஆபத்து அதிகம்ங்கிறதும் இப்போ தெரியும். ஊரை விட்டுத் தள்ளியிருக்கிற கட்டடம், வீட்டுலேர்ந்து ரொம்பத் தூரத்துல கொண்டுவந்து விடப்பட்டவங்க, அடிக்கடி மாறுற மேலாளர், நிக்காத ஊழியர்கள், அரிதா வர்ற சொந்தக்காரங்க. இதுல ரெண்டு மூணு சேர்ந்தா, புகாரே வரலைன்னாலும் அந்த இடத்துக்குப் போய்ப் பார்த்தாகணும். புகார் வராததே அங்க ஒரு எச்சரிக்கை.

சிக்யூசியோட நிலையும் 2024-ல சரியில்லாம இருந்துச்சு. அந்த வருஷம் டாக்டர் பென்னி டாஷ் நடத்தின ஆய்வு, சோதனைகள் தாமதமாகுது, அஞ்சுல ஒரு இடத்துக்குத் தரமே கொடுக்கப்படலைன்னு சொல்லுச்சு. அதனால சுவத்துல ‘நல்லது’ன்னு ஒட்டியிருந்தா முதல்ல தேதியைப் பாருங்க. அஞ்சு வருஷத்துக்கு முந்தின ‘நல்லது’ இன்னைக்கு அங்க சாப்பாடு ஊட்டுறவரைப் பத்தி எதுவும் சொல்லாது.

[திரையில்: நாம என்ன செய்யலாம்?]

இதைப் பார்த்துக்கிட்டு இருக்கிற தமிழர்கள் சில பேர் இங்கிலாந்துல கேர் ஹோம்ல வேலை பார்க்கிறவங்களா இருப்பீங்க. சோதனைக்கு வர்றவர் ஒரு நாள் பார்ப்பார். நீங்க தினமும் பார்க்கிறீங்க. விசா முதலாளி கையில இருக்கும்போது வாய் திறக்கிறது எவ்வளவு கஷ்டம்னு எனக்குப் புரியுது. ஆனா உங்க பேரைச் சொல்லாமலே சிக்யூசிக்குத் தகவல் கொடுக்கலாம். பொதுநலனுக்காக உண்மை சொல்ற ஊழியரைப் பாதுகாக்க 1998-ல இயற்றின சட்டம் அங்க இருக்கு. தேதி, நேரம், என்ன நடந்துச்சு, இது மூணையும் அன்னைக்கே எழுதி வைங்க.

பிள்ளையை விட இல்லம் தேடுற பெற்றோர் எந்த ஊர்ல இருந்தாலும் இந்தக் கேள்விகளைக் கேளுங்க. சொல்லாம வந்தா உள்ள விடுவீங்களா? ராத்திரி எத்தனை பேர் பணியில இருப்பாங்க? போன வருஷம் எத்தனை ஊழியர் வேலையை விட்டாங்க? எம்பிள்ளைக்கு எது பிடிக்கும், எதுக்கு பயப்படுவான்னு கவனிக்கிறவருக்குத் தெரியுமா? முதல் கேள்விக்கே தயங்கினா, வேற இடம் பாருங்க.

அரசாங்கம் செய்ய வேண்டியதும் இதுதான்: இன்ஸ்பெக்டருக்கு நேரம் கொடுக்கணும். ஒரு நாளைக்கு மூணு இடம் பார்த்துட்டு வான்னா அவர் காகிதத்தைத்தான் பார்ப்பார். ஒரே கூடத்துல ரெண்டு மணி நேரம் உக்காரு, ஞாயித்துக்கிழமை ராத்திரியும் போன்னு அனுப்பினா மனுஷங்களைப் பார்ப்பார். பேச முடியாத ஒருத்தர் சார்பா வெளியிலேர்ந்து வந்து சாட்சி சொல்ல இருக்கிறது பல நேரம் அந்த ஒரு ஜோடிக் கண்ணு மட்டும்தான்.

உங்க அனுபவம் எதுவா இருந்தாலும் கீழ எழுதுங்க. ஆனா இல்லங்கள்ல இருக்கிறவங்க பேரையோ படத்தையோ போடாதீங்க, அந்தரங்கம் அவங்க உரிமை.