மெமரி கார்டு: லேபிளை நம்பி வாங்கலாமா?

விருதுநகரில் நமது உறவினர் வீட்டில் நிகாஹ் நடந்தது. மணப்பெண்ணின் அத்தா சவூதியில் வேலை பார்ப்பவர். விடுப்பு கிடைக்காததால் அவரால் வர முடியவில்லை. "போட்டோவிலாவது பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லியிருந்தார். காலையில் நிகாஹ், மதியம் விருந்து, மாலையில் பெண்ணை அனுப்பி வைத்தது என எல்லாவற்றையும் பெண்ணின் தம்பி தன் கேமராவில் எடுத்தார். இரவில் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால், மதியத்துக்குப் பிறகு எடுத்த படங்களுக்குப் பெயர் மட்டுமே இருந்தது, ஒன்றும் திறக்கவில்லை. கார்டின் மேல் 64 ஜிபி என்று அச்சாகியிருந்தது. சோதித்தபோது உள்ளே இருந்தது 8 ஜிபிதான்.

பட்டாசுப் பெட்டிக்கும் தீப்பெட்டிக்கும் லேபிள் அச்சாகும் சிவகாசிக்குப் பக்கத்தில் வாழும் நமக்கு ஒன்று தெரியும். எந்த லேபிளையும் அச்சடிக்கலாம். உள்ளே இருக்கும் சரக்குதான் முக்கியம். மெமரி கார்டுக்கும் இதே கணக்குதான்.

மோசடி எப்படி நடக்கிறது? கார்டுக்குள் படங்களைச் சேமிக்கும் சிப் ஒன்றும், அதை நிர்வகிக்கும் கண்ட்ரோலரும் இருக்கின்றன. உண்மையில் 8 ஜிபி உள்ள கார்டை '64 ஜிபி' என்று சொல்லும்படி கண்ட்ரோலரை மாற்றிவிடுகிறார்கள். கேமரா அதை அப்படியே நம்புகிறது. 8 ஜிபி நிறைந்த பிறகு எடுக்கும் படங்கள் பதியாமல் போகும், அல்லது பழைய படங்களை அழித்துவிடும். எந்த எச்சரிக்கையும் வராது. அளவில் செய்யும் இந்த மோசடி, எடைக்கல்லில் செய்யும் மோசடிக்குச் சற்றும் குறைந்ததல்ல.

கண்டுபிடிக்க வழி உண்டு. விண்டோஸ் கம்ப்யூட்டருக்கு 'எச்2டெஸ்ட்டபிள்யூ', லினக்ஸ், மேக் கம்ப்யூட்டர்களுக்கு 'எஃப்3' என்ற இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. இவை கார்டு முழுவதையும் எழுதி நிரப்பி, திரும்பப் படித்துச் சரிபார்க்கும். பெரிய கார்டுக்குச் சில மணி நேரம்கூட ஆகலாம். பில்லுடன் வாங்கி, திருப்பிக் கொடுக்கும் காலம் முடிவதற்குள் சோதித்துவிடுங்கள்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை:

1. வகை: எஸ்டி கார்டு 2 ஜிபி வரை, எஸ்டிஹெச்சி 32 ஜிபி வரை, எஸ்டிஎக்ஸ்சி 2 டிபி வரை. எஸ்டிஎக்ஸ்சி 2009-ல்தான் அறிவிக்கப்பட்டது. அதற்கு முந்தைய கேமராவில் 64 ஜிபி கார்டு வேலை செய்யாமல் போகலாம். கேமரா கையேட்டைப் பாருங்கள்.

2. வேகம்: பெரிய எழுத்தில் இருக்கும் '100 எம்பி' பெரும்பாலும் படிக்கும் வேகம். நமக்கு முக்கியம், பதியும் வேகம். வட்டத்துக்குள் 10 அல்லது யு1 என்றிருந்தால் நொடிக்குக் குறைந்தது 10 எம்பி. யு3 அல்லது வி30 என்றால் 30 எம்பி. போட்டோவுக்கும் சாதாரண எச்டி வீடியோவுக்கும் முதல் வகை போதும். 4கே வீடியோவுக்கும், வாணவேடிக்கையைத் தொடர்ச்சியாகப் படம் பிடிப்பதற்கும் இரண்டாவது வகை நல்லது. கார்டு மெதுவாக இருந்தால், அடுத்த வாணம் வெடிக்கும்போது கேமரா முந்தைய படங்களைப் பதிந்துகொண்டிருக்கும்.

3. எண்ணிக்கை: ஒரே 64 ஜிபி கார்டைவிட இரண்டு 32 ஜிபி கார்டுகள் பாதுகாப்பு. ஒரு படம் 10 எம்பி என்றால், 32 ஜிபியில் சுமார் 3000 படங்கள் கொள்ளும். காலைக்கு ஒன்று, மாலைக்கு ஒன்று என்று மாற்றினால், ஒன்று கெட்டாலும் மற்றது மிஞ்சும்.

நல்ல கார்டில் தவறுதலாகப் படங்களை அழித்துவிட்டால், உடனே படம் எடுப்பதை நிறுத்துங்கள். 'போட்டோரெக்' என்ற இலவச மென்பொருளால் பெரும்பாலும் மீட்க முடியும். இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. நாம் அழித்த படங்களைப் பிறரும் மீட்க முடியும். நம் வீட்டுப் பெண்களின் படங்கள் இருந்த கார்டை விற்கவோ, இரவல் கொடுக்கவோ வேண்டாம்.

போலிக் கார்டில் பதியாமலே போன படத்தை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. அந்த அத்தாவுக்கு நிகாஹ் படங்களை மட்டுமே அனுப்ப முடிந்தது. மகள் வீட்டைவிட்டுப் புறப்பட்ட காட்சியை அவர் இன்றுவரை பார்க்கவில்லை. உங்கள் வீட்டில் விசேஷம் வருகிறதா? ஒரு வாரம் முன்பே கார்டை வாங்கிச் சோதித்து வையுங்கள்.