ஐஸ்கிரீம் பெட்டியின் உபாதைகள்

வைகாசி உற்சவத்தில் நவதிருப்பதிப் பெருமாள்கள் ஒன்பதின்மரும் கருட வாகனத்தில் எழுந்தருளும் சேவையைத் தரிசிக்க ஆழ்வார்திருநகரியில் ஜனத்திரள் கூடும் நாளில், கடைகளிலுள்ள ஐஸ்கிரீம் பெட்டிகள் ஓயாமல் திறந்து மூடப்படுவதால், உள்ளே நிலைத்திருக்க வேண்டிய மைனஸ் 18 டிகிரிக் குளிர் சிதைந்து, சரக்கு இளகத் தொடங்குவது சகஜம். அந்தக் க்ஷணமே ‘கேஸ் தீர்ந்துவிட்டது’ என்று தீர்மானிப்பது பிசகு. மூடிய குழாய்களுக்குள் சதா சுழலும் அந்த வாயு, கசிவு இன்றிக் குறைவதே இல்லை.

முதலில் பரிசோதிக்க வேண்டியது மூடியின் ரப்பர் விளிம்பு. ஒரு காகிதத் துண்டை இடையில் வைத்து மூடி இழுத்தால், அது தடையின்றி வருமிடத்தில் வெளிக்காற்று ஈரத்தோடு புகுந்து, சுவரில் பனியாகப் படிந்து, குளிர் சரக்கைச் சேராதபடி மறைக்கிறது. அப்பனியைக் கத்தியால் கொத்துவது மகா அபாயம். குழாய் துளைபட்டால் வாயு அனைத்தும் வெளியேறிவிடும். சரக்கை வேறிடத்தில் பத்திரப்படுத்தி, மின்சாரத்தை நிறுத்தி, பனி தானே உருகும்படி விடுவதே உத்தமம்.

பெட்டி உள்ளிருந்து கவர்ந்த உஷ்ணத்தை வெளியே விட்டாக வேண்டுமாதலால், அதைச் சுவரோடு ஒட்டி வைப்பதும், பின்புறக் கம்பிச் சுருளில் தூசி படிய விடுவதும் கம்ப்ரசரின் ஆயுளைக் குறைக்கும்.

திருவிழா இரவுகளில் வோல்டேஜ் தாழும்போது கம்ப்ரசர் முனகி நின்றுவிடுமாயின், ஸ்டெபிலைசர் அவசியம். நின்றதை உடனே இயக்காமல், குழாய்களின் அழுத்தம் சமனாக ஐந்து நிமிஷமாவது பொறுக்க வேண்டும். முற்றிலும் உருகியதை மீண்டும் உறையவைத்துக் குழந்தைகளுக்கு விற்பது மட்டும் எந்த நஷ்டத்தை முன்னிட்டும் கூடாது.