தென்னங்கள்ளின் இயல்பும் இணையுணவும்

நொதித்தல் என்பது, உயிர்வளியின் துணையின்றி நுண்ணுயிர்கள் இனிப்பைச் சிதைத்து ஆற்றல் பெறும் வினையாகும். அவ்வினையால் பனையினச் சாறுகளில் வெறியம் ஏறத்தாழ ஐந்து விழுக்காட்டளவு விளையும்போது அதனைக் கள் என்கிறோம். கொடிமுந்திரியின் வெண்தேறலோடு இதனை ஒப்பிட்டால் ஒரு வேறுபாடு முதலில் புலப்படும். கொடிமுந்திரிச் சாறு பிழியும்போதே புளிப்புடையது. அப்புளிப்பே கேடு செய்யும் உயிர்களைத் தடுத்து நிறுத்துவதால், அது கிழமைக்கணக்கில் நொதித்து, தெளிந்து, ஆண்டுக்கணக்கில் நிலைக்கிறது. தென்னஞ்சாறோ புளிப்பும் காரமும் மிகாத நடுநிலையில் சொட்டுவது; தன்னைக் காக்கும் படைக்கலம் எதுவும் அதற்கில்லை. ஆதலின் கள்ளுக்கு ஆண்டுக்கணக்கு இல்லை, நாழிகைக்கணக்கே உண்டு.

மலேசியாவின் சொகூர் மாநிலத்தின் மேலைக் கடலோரத்தில் பொந்தியான், பத்து பகாட், மூவார் ஆகியவை தென்னை செழிக்கும் வட்டாரங்கள். விரியாத பாளையை இறுகக் கட்டி, மெல்லத் தட்டிப் பதப்படுத்தி, அதன் நுனியைத் தாள்போன்ற வில்லையாக மரமேறி நாள்தோறும் சீவுகிறார். பூவுக்கும் காய்க்கும் செல்லவேண்டிய உணவுச்சாறு வெட்டுவாயில் கசிகிறது. சீவல் தவறினால் குழல்கள் அடைபட்டு ஊற்று நின்றுவிடும். தடிமனாகச் சீவினால் பாளை விரைவில் தீர்ந்துவிடும். அந்த மெல்லிய சீவலில் உள்ள கைத்திறத்தை நம் நூல்கள் போதிய அளவு போற்றவில்லை என்பதே என் கருத்து.

சொட்டும் சாற்றில் நூற்றுக்குப் பதினைந்து பங்கையொட்டி இனிப்பு உண்டு. கலயத்தில் முந்தைய நாளின் எச்சமாகத் தங்கிய நுரைமங்களும் பாற்காடி நுண்ணுயிர்களும் உடனே பணி தொடங்குகின்றன. நுரைமம் இனிப்பை வெறியமாகவும் கரிவளியாகவும் பிரிக்க, பாற்காடி புளிப்பூட்டுகிறது. கண்ணாடிபோல் இருந்த சாறு பால்போல் வெளுப்பது, கோடிக்கணக்கான அவ்வுயிரணுக்கள் அதில் மிதப்பதனால்தான். மறுநாள் காற்றை விரும்பும் வேறொரு கூட்டம் வந்து, வெறியத்தையே காடியாக மாற்றிவிடும். ஒன்று விட்ட இடத்தில் மற்றொன்று தொடங்கும் முறைமை இது.

தோட்டத் தமிழர் வாழ்வில் இக்கள் இனிப்பை மட்டும் விட்டுச் செல்லவில்லை. 1941-இல் கிள்ளான் தோட்டப் பாட்டாளிகள் வேலைநிறுத்தத்தின்போது முன்வைத்த வேண்டுகைகளுள், கள்ளுக்கடைகளை மூடுவதும் ஒன்று. கூலி கொடுத்த கையே கடைக்கும் இடங்கொடுத்த அமைப்பை அவர்கள் நன்கறிந்திருந்தனர்.

உணவிணையையும் பொழுதே வகுக்கிறது. காலைக்கள்ளில் இனிப்பும் கரிவளியும் மிகுதி. அரைத்த அரிசிமாவில் அதைச் சேர்த்தால் ஆப்பத்தின் நடுவே மென்மையான துளைகள் எழும். நண்பகலுக்குப்பின் புளிப்பும் இனிப்பும் நிகராகும். நெத்திலிச் சம்பலுக்கும் நண்டு வறுவலுக்கும் அப்பொழுதே ஏற்றது. மிளகாயின் காரப்பொருள் நீரில் கரையாது. ஐந்து விழுக்காட்டு வெறியமும் அதனைப் பெரிதும் கரைக்காது. நாவின் எரிவைத் தணிப்பவை எஞ்சிய இனிப்பும் புளிப்புமே. முற்றிப் புளித்த கள்ளோ குடிக்க உதவாது. மீன்குழம்புக்கும் ஊறுகாய்க்கும் காடியாகும்.

கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் இவை எவையும் நிகழா. சுண்ணாம்பின் காரத்தில் நுரைமம் தழைக்காது. சாறு இனிப்பு மாறாமல் இறங்கும். அடுப்பில் ஏற்றிச் சுண்டக் காய்ச்சினால் அதுவே மலாயர் சமையலுக்கு இன்றியமையாத மலாக்கா வெல்லமாக இறுகும்.