கட்டி போல் எழும் அழற்சி

வலியே இல்லாமல் வந்த மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லியை அரைத்துக் குடித்தும் கண்ணின் மஞ்சள் தெளியாததனால் ஸ்கேன் எடுத்து, கணையத்தின் தலைப்பகுதி பருத்திருக்கிறது என்றெழுதிய காகிதத்தோடு திருவெறும்பூர் வீட்டுக்குத் திரும்பும் அறுபது வயதுக்காரர் ஒருவருக்கு, அந்தக் காகிதம் புற்றுநோய் என்ற ஒன்றையே சொல்வதாகப் படும். அந்த அச்சம் ஆதாரமற்றதன்று. அவ்விடத்தில் அவ்வாறு எழும் பருமன் பெரும்பாலும் அதுவேதான். ஆயினும் சிலரிடத்தில், சரீரத்தைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே, முற்றிலும் விளங்காத காரணத்தால் சொந்த உறுப்பின்மீது திரும்பி, அழற்சியும் தழும்புத் திசுவும் சேர்ந்த கட்டியொன்றை எழுப்பிவிடுகிறது. இதற்கு 'ஐஜிஜி 4 சார்ந்த நோய்' என்று பெயர்.

1888-ல் மிக்குலிச் என்ற அறுவை மருத்துவர், கண்ணீர்ச் சுரப்பிகளும் உமிழ்நீர்ச் சுரப்பிகளும் வீங்கிய குடியானவர் ஒருவரைப் பற்றி எடுத்துரைத்த காலம் முதல், உறுப்புக்கொரு பெயரால் தனித்தனி வியாதிகளாக எண்ணப்பட்டவற்றுள் பல ஒரே வியாதியின் கிளைகளே என்பது ஜப்பானிய மருத்துவர்களால் தெளிவாயிற்று. ஷின்ஷூ பல்கலைக்கழகத்தின் ஹமானோவும் அவருடைய சகாக்களும், இத்தகைய கணைய அழற்சியுடையோரின் ரத்தத்தில் ஐஜிஜி 4 என்னும் எதிர்ப்புப் புரதம் மிகுந்திருப்பதை 2001-ல் வெளியிட்டனர். பிற உறுப்புகளிலும் இதே அழற்சி இருப்பதை 2003-ல் கமிசாவா காட்டினார்.

எடுத்த திசுவின் மெல்லிய சீவலை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால், முசிறிக் கோரைப் பாயின் பின்னல் போலத் தழும்பு இழைகள் சுழன்று ஓடுவதும், அவற்றிடையே ஐஜிஜி 4-ஐச் சுரக்கும் அணுக்கள் மொய்த்திருப்பதும், சிறு ரத்தநாளங்கள் அடைபட்டுக் கிடப்பதும் தெரியும். ரத்தப் பரிசோதனை மட்டும் போதாது. புற்றுநோயாளர் சிலருக்கும் இப்புரதம் ஓரளவு ஏறியிருப்பதுண்டு.

ஐம்பது வயதைக் கடந்த ஆண்களிடமே இது மிகுதி. பித்தநாளத்தில் இவ்வியாதி கண்டவர்களுள் பலர், கரைப்பான்கள், எண்ணெய்கள், உலோகத் தூசி ஆகியவற்றோடு நெடுங்காலம் உழைத்த தொழிலாளர் என்று ஆம்ஸ்டர்டாம், ஆக்ஸ்ஃபோர்டு மருத்துவர்கள் கண்டிருக்கிறார்கள். பாய்லர் ஆலையும் துப்பாக்கித் தொழிற்சாலையும் 1960-களில் எழுந்து, அவற்றைச் சுற்றிப் பட்டறைகள் பெருகிய எங்கள் திருவெறும்பூர்ப் பகுதியில், இதை வைத்துக் கொண்டு யாரும் பீதியடைய வேண்டியதில்லை. ஆனால் ஓய்வு பெற்ற தொழிலாளி ஒருவர் மருத்துவரிடம் தம் வேலையின் விவரத்தைச் சொல்லாமல் விடக் கூடாது என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

கட்டி என்று தோன்றியதைச் சந்தேகிக்கும் துணிவு தமிழ்நாட்டிற்குப் புதிதன்று. வலிப்போடு வருவோரின் மூளையில் ஸ்கேன் காட்டிய சிறு முடிச்சுகளைக் காசக்கட்டி என்றே கருதி மாதக்கணக்கில் காசநோய் மருந்து கொடுத்து வந்த நாளில், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் சாண்டி, ராஜசேகர் முதலியோர் அத்திசுவை எடுத்துப் பார்த்து, நாடாப்புழுவின் சிறு கூட்டைச் சூழ்ந்து சரீரம் எழுப்பிய அழற்சியே பலரிடம் இருப்பதை 1989-ல் அறிவித்தார்கள். பிற்பாடு அவர்கள் வகுத்த லட்சணங்களால், தேவையற்ற மருந்திலிருந்தும் அறுவையிலிருந்தும் எத்தனையோ பேர் தப்பினர்.

கணையத்தின் விஷயத்தில் தவறான நிர்ணயத்தின் விலை இன்னும் பெரிது; கணையத் தலை, சிறுகுடலின் தொடக்கம், பித்தப்பை ஆகியவற்றை ஒருங்கே வெட்டியெடுத்த பின்னரே புற்றுநோயன்று என்று தெரிந்தவர்கள் உண்டு. அழற்சிதான் என்று உறுதியானாலோ, ஸ்டீராய்டு மாத்திரையிலேயே சில வாரங்களில் வீக்கம் வடியத் தொடங்கும். ஆயினும் திசுச் சோதனைக்கு முன்பே அம்மாத்திரையைக் கொடுத்துப் பார்ப்பது ஆபத்து. நிணநீர்ப் புற்றுநோயும் அதனால் சில காலம் சுருங்கி, மருத்துவரை ஏமாற்றிவிடும். மாத்திரையை நிறுத்தியபின் வியாதி சிலருக்குத் திரும்புகிறது. அவர்களுக்கு ரிட்டுக்ஸிமாப் முதலிய மருந்துகள் பயன்படுகின்றன. மாத்திரை உண்ணும் காலமெல்லாம் ரத்தச் சர்க்கரையையும் எலும்பின் வலிமையையும் கவனித்து வருவது அவசியம்.